ராகு காலத்து மாணவி

என் மாமா காரின் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பார்ப்பார். கைக்கடிகாரம், சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாள், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அவருடைய சகலையின் கடை. முதல் இரண்டும் நேரம் நல்லதா என்று தெரிந்துகொள்வதற்கு. மூன்றாவதைப் பார்த்ததும் அவருக்கு எந்த நேரமும் கெட்ட நேரமாகிவிடும்.

மாமா என் அம்மாவின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். பள்ளி என்றால் கடைத்தெருவில் ஒரே ஒரு அறை. உள்ளே ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், சாலை விதிப் படங்கள் ஒட்டிய சுவர். வாசலில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார். அதில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடமாக மாமாவின் கால் அந்த பிரேக்கின் மேலேயே இருக்கிறது. வீட்டில் யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால்கூட அவர் கால் தானாகத் தரையை அமுக்கும். தெருவில் அவருக்கு 'பிரேக் வாத்தியார்' என்று பெயர்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் நான் சுற்றிக்கொண்டிருந்த வருடம் அது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அந்த அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதனால் நடந்ததை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாமாவைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அவரைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது, அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் பள்ளியில் சேருகிற விண்ணப்பத்தில் பெயர், முகவரி, இரத்த வகைக்குக் கீழே 'நட்சத்திரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நட்சத்திரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து மாமாவே ஒன்றை எழுதிக்கொள்வார். யாருக்கு எந்த நாள் சந்திராஷ்டமம் என்று தனியாக ஒரு நோட்டு. அன்றைக்கு அந்த ஆளை ஸ்டியரிங் பக்கமே விடமாட்டார். வண்டியை மேட்டில் நிறுத்தி எடுக்கும் பாடம் மேல்நோக்கு நாளில் மட்டும்தான் நடக்கும். ரிவர்ஸ் கீழ்நோக்கு நாளில். இரண்டு கார்களுக்கு நடுவில் நிறுத்துவது சமநோக்கு நாளில். எழுத்துத் தேர்வுக்குப் படிப்பது புதன் ஓரையில். எமகண்டத்தில் புதுப் பாடம் தொடங்கமாட்டார், தொடங்கியதை முடிப்பார். ராகு காலத்தில் அதுவும் கிடையாது. கார் வாசலில் நிற்கும், மாமா உள்ளே உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றரை மணி நேரமும் அவரைக் கிளப்ப யாராலும் முடியாது.

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. இளவயதில் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினார். ஒரு நாள் காலை அவசரத்தில் நாள்காட்டியைக் கிழிக்க மறந்து, முந்தின நாள் தாளைப் பார்த்து நல்ல நேரம் என்று நம்பிக் கிளம்பிவிட்டார். ஒரு பழைய மதில் ஓரமாக வேனை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன ஐந்தாவது நிமிடம் மதில் சரிந்து வேன் மேல் விழுந்தது. அந்த மதில் பத்து வருடமாகச் சாய்ந்துதான் நின்றது என்று என் அம்மா சொல்வாள். மாமா கணக்கில் மதிலைத் தள்ளியது முந்தின நாள் தாள். அன்றிலிருந்து பல் துலக்குவதற்கு முன்னால் தாளைக் கிழிப்பதுதான் அவருடைய முதல் வேலை.

இனி சகலையைப் பற்றி. அவர் மாமாவின் மனைவியின் தங்கை கணவர். பார்சல் கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், மாமாவிடம்தான் கார் கற்றார். மாமா நல்ல நேரமாகப் பார்த்து அவரை இரண்டு முறை டெஸ்டுக்கு அனுப்பினார். இரண்டு முறையும் தோற்றார். மூன்றாவது முறை மாமாவிடம் சொல்லாமல் தானே போய்ப் பதிவு செய்தார். கிடைத்தது சரியான ராகு காலம். போய்ப் பார்த்தால் மைதானம் காலி. எங்கள் பகுதியில் டெஸ்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் நாள் நேரம் பார்க்கிற நம் தமிழ் ஆட்கள். அவர்கள் எல்லோரும் நல்ல நேரம் கேட்டு முண்டியடிப்பதால் நல்ல நேரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது, அதிகாரி எரிந்து எரிந்து விழுவார். ராகு காலத்திலோ அவர் டீ குடித்து, காலை நீட்டி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். சகலை பாஸ்.

அந்த ஒரு விஷயத்தை வைத்து அவர் ஒரு தொழிலே தொடங்கிவிட்டார். மாமா கடைக்கு நேர் எதிரே ஒரு கடை, வெள்ளை நிறத்தில் ஒரு புதுக் கார். தன் மாணவர்களை எல்லாம் ராகு காலத்தில்தான் டெஸ்டுக்கு அனுப்புவார். பாஸான ஒவ்வொருவரையும் சிரிக்க வைத்துப் படம் எடுத்துக் கடையின் கண்ணாடியில் ஒட்டுவார். மாமாவின் மேசையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் படங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ராகு காலம் முழுக்க மாமாவுக்கு வேறு வேலை இல்லை. அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இன்னிக்கு எத்தனை?" என்று என்னிடம் கேட்பார். அவருக்குத் தூரப்பார்வை கொஞ்சம் மங்கல்.

"நாப்பத்தேழு, மாமா."

"நேத்து நாப்பத்தாறுதானே?"

"ஒண்ணு புதுசு. மீசை வச்ச ஒருத்தர்."

"மீசைய வச்சுக்கிட்டு சிரிக்கிறதைப் பாரு" என்பார். அந்த மனிதர் மாமாவுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. முதலில் மாமாவிடம் வந்து விசாரித்துவிட்டு, நட்சத்திரக் கட்டத்தைப் பார்த்ததும் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிப் போனவர், அவ்வளவுதான்.

மாமாவின் வயிற்றெரிச்சல் கூச்சல் போடுகிற வகை இல்லை. சகலை காரைக் கழுவினால் மாமா அன்று சாயங்காலம் தன் காரை இரண்டு முறை கழுவுவார். சகலை பெயர்ப்பலகைக்கு விளக்கு வைத்தால், "வெளிச்சம் கண்ணை உறுத்துது" என்று ஜன்னல் கதவைப் பாதி சாத்துவார். முழுக்கச் சாத்தமாட்டார், படங்கள் தெரியாதே. குடும்ப விசேஷங்களில் சகலை, "அண்ணே, எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். மாமாவுக்கு அதுதான் தாங்காது. அப்படிச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவன் என்றாவது திட்டியிருக்கலாம்.

மாமாவின் மனைவி, என் அத்தை, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, வேகவைத்த படுக்கை விரிப்புகளை ஆவி பறக்க மடிக்கிற வேலை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்றுக்கு முடியும். ஐந்து மணிக்குப் பேருந்து கிடையாது. அதனால் நாலேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கி இருட்டில் நடப்பாள். மாமா காரில் கொண்டு போய் விடலாமே என்று கேட்கலாம். தொழில் காரை விடிவதற்கு முன்னால் எடுக்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கணக்கு.

ஆஸ்பத்திரிக்கு ஊரின் மறுபக்கம் இரண்டாவது கட்டடம் எழும்பியது. விரிப்புகளை இங்கேயிருந்து அங்கே கொண்டு போக ஒரு வேன் வந்தது. சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் அத்தையைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர்தானே கார் பள்ளி வைத்திருக்கிறார், வேனை நீங்களே ஓட்டிவிடுங்களேன் என்றார். அத்தை யோசிக்கவே இல்லையாம், சரி என்று சொல்லிவிட்டாள். வேன் ராத்திரி அவள் பொறுப்பில் வீட்டு வாசலிலேயே நிற்கும். இருட்டில் நடக்க வேண்டாம். ஆவியில் நிற்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து, அந்த மாதத்தின் கடைசிப் புதன்கிழமை காலை பத்து மணிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேன் வேறொருவருக்கு.

அன்று சாயங்காலம் அத்தை மாமாவிடம் கேட்டாள். அவள் கேட்பது அது முதல் முறை இல்லை. கற்றுக்கொள்வதற்கான அனுமதிச் சீட்டை வருடா வருடம் புதுப்பித்துக் கைப்பையில் பஸ் பாஸோடு வைத்திருக்கிறாள். ஏழு வருடமாக மாமா அவளுக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு நல்ல நாளாக இருந்தால் அவருக்குச் சந்திராஷ்டமம். இரண்டு பேருக்கும் பொருந்தி வந்தால் அன்று பாடத்துக்கு ஆள் நிறைந்திருக்கும். அன்றும் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குரு பெயர்ந்ததும் பார்க்கலாம் என்றார். குரு பெயர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அத்தை சண்டை போடவில்லை. அவளும் நாள்காட்டியைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று முதல் நாலரை. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு. மூன்றும் அவள் வேலை முடிந்த பிறகு வருகிற நேரம். மூன்றிலும் மாமா அறைக்குள்தான் இருப்பார், தெருவில் எங்கேயும் எதிர்ப்பட மாட்டார். அந்த நேரத்தில் சகலையின் வெள்ளைக் கார் பின்தெரு வழியாக வந்து அத்தையை ஏற்றிக்கொண்டு, பழைய விளையாட்டு அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போகும். வாரத்துக்கு மூன்று பாடம். ஊரே வண்டியைத் தொட யோசிக்கிற நேரத்தில் அத்தை கிளட்சை மிதித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கமாக நடந்து போனபோது பார்த்துவிட்டேன். அத்தை கண்ணாடியை இறக்கி, "வாய்க்குப் பூட்டு போட்டுக்கோ. சாவி என்கிட்ட இருக்கு" என்றாள். போட்டுக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துப் படங்களை எண்ணிச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விஷயம் பக்கத்தில் நகல் கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ் அக்கா வழியாகக் கசிந்தது. அவளுக்கும் ஆள் யார் என்று தெரியாது. விண்ணப்ப நகல் எடுக்க வந்த மாமாவிடம், சகலைக்கு ஒரு புது ஆள் கிடைத்திருப்பதாகவும், இப்படிக் கிளட்ச் விடுகிற பதம் தெரிந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை என்று கடையில் வந்து சொன்னதாகவும் சொல்லிவிட்டாள். யார் என்று கேட்டால் சிரிக்கிறாராம், சொல்ல மாட்டேன் என்கிறாராம்.

அன்று மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதுவரை அவர் பொறாமைப்பட்டது படங்களைப் பார்த்து. அவையெல்லாம் ராகு காலத்து அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். இது அப்படி இல்லை. ஒரு வாத்தியாருக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு பேர்தான் அப்படிக் கிடைப்பார்கள். சொல்வதற்கு முன்னாலேயே காலுக்குப் புரிந்துவிடுகிற ஆள். இருபத்திரண்டு வருடத்தில் தனக்குக் கிடைக்காதது இரண்டே வருடத்தில் அவனுக்குக் கிடைத்துவிட்டது. இதை மாமா அவ்வளவு பேச்சாக என்னிடம் சொல்லவில்லை. "என்கிட்ட வந்திருக்க வேண்டிய ஆளு" என்று மட்டும் நாலு நாளில் ஒன்பது முறை சொன்னார்.

வியாழக்கிழமை வந்தது. மணி ஒன்றரை. மாமா வழக்கம்போல உட்கார்ந்தார். சகலையின் கார் கிளம்பிப் போவது ஜன்னலில் தெரிந்தது. இரண்டு மணிக்கு எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்."

"மாமா, ராகு காலம்."

"வண்டி எடுத்தாத்தான் ராகு காலம். நடக்கறதுக்கு என்ன?"

எனக்குத் தெரிந்து அவர் ராகு காலத்தில் வாசல்படி தாண்டியது அதுதான் முதல் முறை. அவரை எந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவர் அரங்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கார் கற்றுக்கொடுக்க இந்த ஊரில் வேறு காலி இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

உடைந்த சுற்றுச்சுவர் ஓரம் நின்று பார்த்தோம். மைதானத்தில் இரண்டு தகர டிரம்களை வைத்திருந்தார்கள். வெள்ளைக் கார் அவற்றுக்கு நடுவே ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஒரு முறைகூடத் தயங்கவில்லை. வளைந்து வந்து, நேராகி, இரண்டு டிரம்களுக்கும் சரிநடுவில் நின்றது. "அடடா" என்று மாமாவின் வாயிலிருந்து வந்தது. உண்மையான ரசனையோடு வந்த அடடா அது. பிறகு கதவு திறந்தது. நீலக் கோட்டு இறங்கியது.

மாமா சுவரிலிருந்து விலகினார். திரும்பி நடக்கும்போது, "கண்ணாடியப் பாக்காமலே பின்னால எடுக்கறா" என்றார்.

"பாத்தாங்க, மாமா."

"உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?"

அத்தையைப் பார்த்து நான் ஆச்சரியப்படாததிலேயே, இது எனக்கு முன்பே தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வீட்டிலும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்று ராத்திரி அத்தை சாப்பாடு போடும்போது அவள் கால்களைப் பார்த்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டார். நின்றுகொண்டே வேலை செய்தால் வலிக்காதா என்றாள் அவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை லைசென்ஸ் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் டெஸ்டுக்குப் போகிறவர்களின் பட்டியலை வாசலில் ஒட்டியிருந்தார்கள். அத்தையின் பெயர் செவ்வாய்க்கிழமை மூன்று மணியில் இருந்தது. அதற்கு மறுநாள்தான் அவள் லைசென்ஸைக் காட்ட வேண்டிய புதன்கிழமை. மாமா விரலை அந்தப் பெயர் மேல் வைத்தபடி நின்றார். மூன்று மணி, ராகு காலம் தொடங்குகிற அதே நிமிடம். உள்ளே இருக்கும் குமாஸ்தா மாமாவுக்கு இருபது வருடப் பழக்கம். ஒரு வார்த்தை சொன்னால் தேதியை மாற்றிவிடுவார். அடுத்த நல்ல நேரம் மூன்று வாரம் தள்ளித்தான் காலியாக இருந்தது. அப்போது வேன் கிடைக்காது. மாற்றாமல் விட்டால், அத்தை பாஸானால், நாற்பத்தெட்டாவது படமாக மாமாவின் மனைவியே எதிர்க் கடைக் கண்ணாடியில் சிரித்துக்கொண்டிருப்பாள். இதெல்லாம் அவர் நெற்றியில் எழுதியிருந்தது போல எனக்குத் தெரிந்தது.

வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தோம். குமாஸ்தா மாமாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன வாத்தியாரே, உங்க வீட்டுப் பேரு எதிர்க்கடை லிஸ்டுல வந்திருக்கு. நாங்க தப்பா ஏத்திட்டமா? மாத்திடவா?"

பின்னால் நின்ற இரண்டு பேர் கழுத்தை நீட்டினார்கள். மாமாவின் காது சிவந்தது. கடைசியில் கேட்டார்.

"இந்த ஊர்ல சூரியன் எத்தனை மணிக்கு உதிக்குது?"

"அது எந்த கவுண்டர்னு தெரியலயே, வாத்தியாரே."

மாமா ஒன்றும் மாற்றாமல் வெளியே வந்துவிட்டார். வழியில் ஒரு செய்தித்தாள் வாங்கினார். அதில் வானிலைக் கட்டத்தை என்னைப் படிக்கச் சொன்னார். சூரிய உதயம் ஆறு ஐம்பது, மறைவு ஆறு பத்து. ராகு காலம் என்பது பகல் பொழுதில் எட்டில் ஒரு பங்கு. நாள்காட்டிக்காரன் எல்லா ஊரிலும் சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைவதாக வைத்து ஒன்றரை மணி நேரம் என்று அச்சடித்துவிடுகிறான். சரியாகப் போட வேண்டுமானால் அந்தந்த ஊர் உதயத்தை வைத்துத்தான் போட வேண்டும். இது மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு, நமக்குத் தாள் போதும் என்று விட்டு வைத்திருந்தார். இப்போது ஒரு விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டார். பகல் அறுநூற்றெண்பது நிமிடம். எட்டால் வகுத்தால் எண்பத்தைந்து. செவ்வாய்க்கிழமைக்கு ஏழாவது பங்கு. மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே விடை வந்தது. இந்த ஊருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ராகு காலம் தொடங்குவது மூன்று மணிக்கு இல்லை, மூன்று இருபதுக்கு.

அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷம் எந்த வகை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அத்தைக்கு நல்ல நேரம் கிடைத்ததற்காகவா, ராகு காலத்தில் ஜெயிக்கிற பெருமை சகலைக்குக் கிடைக்காமல் போனதற்காகவா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

திங்கள்கிழமை சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அத்தை கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு மூணு இருபதுக்குள்ள முடிச்சிடு."

தேய்ப்புப்பெட்டி நின்றது. "எதை?"

"அதைத்தான்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"உங்ககிட்ட எத்தனை வருஷமா கேட்டேன்?" என்றாள்.

"ஆறு."

"ஏழு."

"நல்ல நேரம் வரல."

"வந்துச்சு. மீசைக்காரருக்கு வந்துச்சு, மளிகைக் கடை மருமகளுக்கு வந்துச்சு. எனக்கு மட்டும் வரல."

மாமா செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு உண்மையில் அவரை அரித்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "கத்துக்கிட்டது தப்பில்ல. அவன்கிட்டதான் போகணுமா?"

"நீங்க வண்டி எடுக்காத நேரத்துல வண்டி எடுக்கறவர் அவர் ஒருத்தர்தான். நாள் முழுக்க நீங்க எந்தத் தெருவுல இருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? ராகு காலத்துல மட்டும்தான் நீங்க எங்க இருப்பீங்கன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்."

மாமாவின் கால் தரையை அமுக்கியது. அத்தை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை மாமா இரண்டரை மணிக்கே டெஸ்ட் மைதானத்தில் காரை நிறுத்திவிட்டார். வேறொரு மாணவனின் காகித வேலை என்று என்னிடம் சொன்னார். எந்த மாணவன் என்று நான் கேட்கவில்லை. சகலை அங்கே இருந்தார். அத்தை வேலையிலிருந்து நேராக நீலக் கோட்டோடு வந்திருந்தாள். மாமாவைப் பார்த்ததும் சகலைக்கு முதலில் முகம் வெளிறியது, பிறகு வழக்கமான சிரிப்பு வந்தது.

மூன்று மணி. அதிகாரி அறையிலிருந்து வரவில்லை. மூன்று ஐந்து. வந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் காரை மேட்டில் நிறுத்தியவர் மறுபடி கிளப்ப முடியாமல் நின்றுவிட்டார். தள்ளி இறக்கினார்கள். மூன்று பதினைந்து. மாமா கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அத்தையின் பெயரைக் கூப்பிட்டபோது மணி மூன்று இருபத்திரண்டு.

"என்ன அண்ணே, உங்க கணக்குல இப்ப என்ன நேரம்?" என்றார் சகலை. அவருக்கு மூன்று இருபது கதை தெரியாது, சும்மாதான் கேட்டார்.

"வாய மூடிட்டு வண்டியப் பாரு" என்றார் மாமா.

அத்தை சீட்டை இழுத்துப் போட்டாள், பெல்ட்டை மாட்டினாள், கண்ணாடியைத் திருப்பினாள். டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தாள். அரங்கத்து மைதானத்தில் எடுத்ததைவிட மெதுவாக, ஆனால் சுத்தமாக. கடைசியாக மேடு. நடுமேட்டில் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். கார் நின்றது. எஞ்சின் உறுமியது. பிறகு ஒரு சாண் அளவு பின்னால் நழுவியது. அதிகாரியின் பேனா தாளுக்கு வந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி கார் பிடித்துக்கொண்டது, மேலே ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது.

பாஸ் என்று சொன்னபோது நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வலது செருப்புக்குக் கீழே மண் குழிந்திருந்தது. அந்த ஒரு சாண் நழுவலை அவரும் சேர்ந்து அமுக்கி நிறுத்தியிருக்கிறார். அப்போது அவர் மனதில் சகலை இருந்திருக்க முடியாது. ஆனால் அது அந்த ஒரு நிமிடம்தான். சகலை கையைத் தட்டிக்கொண்டே போய் அத்தையை ஒரு பக்கமாக நிற்க வைத்து, சிரிங்க அண்ணி என்று படம் எடுத்தார். மாமாவின் முகம் மறுபடி பழைய முகமாகிவிட்டது.

மணி மூன்று ஐம்பது. நாள்காட்டிப்படி ராகு காலம் முடிய நாற்பது நிமிடம் இருந்தது. மாமாவின் புதுக் கணக்குப்படி ஐம்பத்தைந்து நிமிடம். எந்தக் கணக்கை எடுத்தாலும் அவர் அதுவரை அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

"வாங்க அண்ணி, நம்ம வண்டியிலயே போயிடலாம்" என்று சகலை தன் காரின் கதவைத் திறந்தார். "அண்ணன் அவர் நேரம் பாத்து மெதுவா வருவார்." கேலிக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் மாமாவைத் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சகலையின் கார்ப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

மாமா பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"நீ எடு."

"இன்னும் நேரம் இருக்கே."

"எனக்குத் தெரியும்."

அத்தை சாவியை வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை. பழைய சாம்பல் காரின் ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தாள். மாமா அவருடைய வழக்கமான சீட்டில். நான் பின்னால். சாவியைத் திருப்பும்போது மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் சரிந்து விழவில்லை. கார் உறுமிக் கிளம்பியது. அவர் கால் பிரேக்குக்கு மேலே காகிதக் கனத்துக்கு உயர்ந்தே இருந்தது, வீடு வரைக்கும் அமுக்கவில்லை. கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள் அத்தை.

சிக்னலில் நின்றபோது வெள்ளைக் கார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. மாமா கண்ணாடியில் அதைப் பார்த்தார். பச்சை விழுந்தது.

"அவன முந்த விட்டுடாத" என்றார்.

புதன்கிழமை காலை அத்தை லைசென்ஸ் சீட்டைக் காட்டி வேன் சாவியை வாங்கினாள். அன்றே சகலையின் கண்ணாடியில் நாற்பத்தெட்டாவது படம் வந்துவிட்டது. நீலக் கோட்டு, கொஞ்சம் கூச்சமான சிரிப்பு. மாமா மதியம் வரை ஜன்னலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு நாள்காட்டிப்படி ராகு காலம் தொடங்கியது. பன்னிரண்டு பத்துக்கு எழுந்து தெருவைக் கடந்து சகலையிடம் போய் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு, ஜெராக்ஸ் அக்காவிடம் போனார். எதிர்க் கடையில் இருப்பதைவிட நான்கு மடங்கு பெரிதாக எடுத்து வந்து எங்கள் ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி ஒட்டினார்.

"மாமா, அவங்க உங்ககிட்ட படிக்கலையே" என்றேன்.

"அப்படின்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, படம் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ராகு காலம் முடியும்வரை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.